மீனுக்குப் போட்ட சோறு

ஷுவாசி அவென்யூவில் நிலவறைக் குசினி.
பிரெஞ்சுக்காரனும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறான்,
அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு வகுப்புத் தேவைப்படவில்லை.

நாளைக்கு ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாள், அவர்கள் கணக்கில்.
எங்கள் கணக்கில் ஆனியே பிறக்கவில்லை.
விடிவதற்குள் நானூறு பொதி.
மூங்கில் இலை இரண்டைச் சாய்த்துக் கூம்பாக்கி
ஒட்டரிசி, கொழுப்போடு பன்றி,
உப்பில் கிடந்த வாத்து முட்டையின் மஞ்சள்,
மேலே மறுபடி அரிசி.
மூலை நான்கு, முடிச்சு ஒன்று.
முதல் வாரம் என் பொதிகள் கொதிநீரில் வாய் திறந்து
உள்ளதெல்லாம் கக்கிவிட்டன,
அகதி வழக்கில் நான் சொன்னதைவிட அதிகம்.

மதாம் உங், நோம்பென்னில் பிறந்த தியோச்சூக்காரி,
நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு சொல்கிறாள்:
ஒரு மந்திரி. கவியும்கூட.
அரசன் கேட்கவில்லை, நாடு போயிற்று,
கல்லைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான்.
படகெடுத்துத் தேடினார்கள்.
மீன் அவனைத் தின்னாமலிருக்க
ஆறு நெடுக அரிசி எறிந்தார்கள்.
இலை? அது பிறகு.
கனவில் வந்து முறையிட்டானாம்,
சோறு எனக்கு வந்து சேரவில்லை,
நடுவில் நாகம் பிடுங்குகிறது, கட்டி அனுப்புங்கள் என்று.

கவியுமில்லை கிவியுமில்லை, என்றாள் சூச்சின்.
அவள் வென்சூ பக்கம்.
தளபதி. அரசனே வாளை அனுப்பிச் சாகச் சொன்னான்.
உடலைத் தோல்சாக்கில் போட்டு ஆற்றில் விட்டான், இதே நாளில்.
எங்கள் பக்கம் கடலிலிருந்து ஆறேறி
மதில்போல வரும் அலை அவன்தான்.

சட்டி கழுவுகிற மாணவன் சிரித்தான்.
இலையில் சோறு கட்டுவது இருவருக்கும் மூத்தது.
களை பிடுங்கப் போன எவளோ பசிக்குக் கட்டினாள்.
செத்தவர்களைப் பிறகுதான் உள்ளே வைத்தார்கள்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் பக்கம்?

எங்கள் பக்கம் அலை வந்த மார்கழிக்குப் பிறகு
முல்லைத்தீவில் ஒருவரும் மீன் வாங்கவில்லை.
சம்மாட்டி வீட்டிலேயே பருப்புக் கொதித்தது.
மீன் யாரைத் தின்றதோ,
அதை யார் தின்பது.
சோறு எறிந்து மீனை மறிக்கலாம் என்று
எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இவ்வளவையும் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
என் பிரெஞ்சில் வந்தது,
‘நாங்கள், மீன் இல்லை.’
மரக்கறிக்காரன் என்று விளங்கிக்கொண்டு மதாம் உங்
பச்சைப்பயறு வைத்து எனக்கென்று நான்கு கட்டினாள்.
சிவப்பு நூல், மாறிப்போகாமல்.

இரவு பதினொன்றரை. தொல்பியாக் பாலத்தடி.
லெகாரெக், முன்னாள் பேருந்துச் சாரதி,
மூன்று தூண்டிலோடு மடக்குக் கதிரையில் இருக்கிறார்.
பாண் கரைந்துவிடுகிறது என்றார்
என் கையைப் பார்த்தபடி.
ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன்.
ஒரு விள்ளலை உருட்டி, மணந்து,
கொளுக்கியில் குத்தி,
‘இது நிற்கும்’ என்றார்.
பிறகு, ‘இலையை ஆற்றில் போடாதே, தண்டம் அடிப்பான்.’
இலையை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மிச்சச் சோறு வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது
மிதவை அமிழ்ந்தது. எழும்பவில்லை.
தடி வளைந்து வளைந்து தண்ணீரைத் தொட்டது.
பாரமாயிருக்கிறது என்றார் லெகாரெக்,
எழுந்து நின்று இழுத்தபடி.

மீனாக இருக்கட்டும்,
மீனாகவே இருக்கட்டும்.