ஜாமீன் கையெழுத்து

ஏழை ஆறாக்குவது கஷ்டமில்லை.
ஜெராக்ஸ் கடைக்காரன் டீ ஆறுவதற்குள்
ஆக்கித் தந்துவிட்டான்.
இரண்டாயிரத்து ஏழில் பிறந்த மாதேஷ்
இரண்டாயிரத்து ஆறில் பிறந்தவனாக
மெஷினிலிருந்து வெளியே வந்தான்,
சூடாக,
பக்கம் இரண்டு ரூபாய்.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு எதிரில்
மாடிப்படி ஏறினால் ஃபைனான்ஸ்.
அங்கிருந்த அக்கா அவன் மீசையைப் பார்த்தாள்,
மீசை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள்,
சுவரில் எழுதியிருந்த மாத டார்கெட்டைப் பார்த்தாள்.
"பதினெட்டு ஆச்சில்ல?"
ஆச்சு என்றான்.
"ஜாமீன் யாரு?"
நான்தான், வேடியப்பன்.
அதே மண்டியில் அதே தக்காளிப் பெட்டி தூக்குகிறவன்.
எனக்குப் பதினெட்டு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது,
நிஜமாகவே.

கிலோ எண்பது விற்ற வாரம் அது.
எண்பதை நம்பி வண்டி எடுத்தோம்.
ஐந்தாம் தவணைக்கு முன்னால் மூன்றுக்கு வந்தது.
மாரண்டஅள்ளி ரோட்டோரம் கொட்டிக் கிடந்ததை
மாடுகளும் முகர்ந்துவிட்டுப் போயின.
அந்த மாதமே ராயக்கோட்டையில்
வண்டியை எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

கோர்ட்டில் மாதேஷின் வக்கீல்
பள்ளிக்கூட டி.சி.யை எடுத்து நீட்டினார்.
அவ்வளவுதான்.
மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது,
ஆரம்பத்திலிருந்தே செல்லாது,
அது பிறக்கவே இல்லை என்றார்கள்.
பொய் சொல்லித்தானே வாங்கினான் என்று
கம்பெனி வக்கீல் எகிறினார்.
பொய் சொன்னால் வயது ஏறிவிடாது என்றார் நீதிபதி.
வண்டி கையில் இருந்தால் திருப்பிக் கொடு.
வண்டி இல்லை.
சரி, போ.

அப்புறம் என் பேரைக் கூப்பிட்டார்கள்.
பிறக்காத ஒன்றுக்கு
எப்படி நான் ஜாமீன் ஆவேன்?
என் வக்கீல் இதையேதான்
கொஞ்சம் நீளமாக இங்கிலீஷில் கேட்டார்.
நீதிபதி ரொம்ப நேரம் புரட்டினார்.
ஃபேன் காற்றில் ஒரு பக்கம் தானாகத் திரும்பியது;
திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
"அவனுக்கு வயசு பத்தலைன்னு உனக்குத் தெரியுமா?"

ஒரே பெஞ்சு சார் நாங்கள்.
அவன் பிறந்தநாள் மிட்டாயை
ஒன்றாம் வகுப்பிலிருந்து தின்றிருக்கிறேன்.
அதையெல்லாம் சொல்லவில்லை.
தெரியும் என்றேன்.
அந்தக் காகிதம் கைமாறிய இடங்களில் எல்லாம்
கேட்டதற்கு உள்ளதைச் சொன்னவன்
நான் ஒருத்தன்.
அறுபத்தோராயிரத்து நானூறு.
வட்டி தனி.

வெளியே புங்க மரத்தடியில்
இரண்டு பப்ஸோடு நின்றிருந்தான்.
போன மாதம்தான் அவனுக்குப் பதினெட்டு.
மீசைகூட வந்துவிட்டது.
"பாதி நான் தர்றேன்டா. எழுதித் தரட்டுமா?
இப்ப எழுதுனா செல்லும்."

காகிதத்துக்குத் திரும்பினேன்.
எதிரே இன்னொரு ஜெராக்ஸ் கடை,
அதே பச்சை வெளிச்சம் போய் வந்துகொண்டிருந்தது.
வேண்டாம், வாயால் சொல் என்றேன்.

சொன்னான்.
பெட்டி ஏற்றிய லாரி ஒன்று
அந்த நேரம் பார்த்து ஆரன் அடித்துக்கொண்டு போனதில்
தொகை மட்டும்
சரியாகக் கேட்கவில்லை.