முன்னூத்தி பத்து

மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில்,
செவ்வாயும் வெள்ளியும் ஆறரை மணிக்கு
நான் சொல்லிக்கொடுப்பது
ஒருவரும் பார்க்க முடியாத இடத்தில் நடக்கும் வேலை.
விரல் தெரியும். உதடு தெரியும்.
கன்னம் உப்பினால் அதுவும் தெரியும்.
நாக்கு என்ன செய்கிறதென்று
நாக்கு சொல்வதைத்தான் நம்பவேண்டும்.

புத்தகத்தில் 'டூ' என்றிருந்தது. சொன்னேன்.
மூன்று பேரும் நாக்கை மடித்து
அண்ணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்,
ரீடு கீழே காத்திருந்தது.
'தூ' என்று மாற்றினேன்.
ஏ.டி.எம். காவலாளி தயாநிதி,
கேட்டரிங் படிக்கும் பெனடிக்ட்,
மீன் ஏலம் விடும் அஞ்சலாட்சி அக்கா,
மூவரும் என் முகத்தைப் பார்த்து
அதை அத்தனை மனதாரச் சொன்னார்கள்,
ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

பல்லில் இடிக்கும் 'த'வுக்கும்
அண்ணத்தில் மடியும் 'ட'வுக்கும் நடுவில்
ஓர் இடம் இருக்கிறது.
காற்று என்பதில் வருகிற 'ற்று'.
ரீடின் நுனி அங்கேதான் வந்து நிற்கும்.
கண்டுபிடித்த சந்தோஷத்தில்
கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்டேன்.
'காத்து' என்று வாசித்தார்கள்.
நானும் அப்படித்தான் வாசிப்பேன்.

அக்காவின் கிளாரினெட் கடனுக்கு வந்தது.
கல்யாணத்துக்கு வஞ்சிரம் வாங்கிய பேண்டு செட்டுக்காரர்
ஆறு மாதம் இழுத்தடித்துவிட்டு
பெட்டியோடு வைத்துவிட்டுப் போனாராம்.
"வித்துடலாம்னுதான் பாத்தேன்.
ஊதிப் பாக்காம எப்படி வெல சொல்றது?"

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூச்சை நிறுத்துவாள்,
மறுபடி முதலிலிருந்து தள்ளுவாள்.
குழாயை மூடாதீங்கக்கா,
ஓடுற தண்ணிய விரலால தொட்டு எடுங்க,
தொட்டு எடுங்க, தொட்டு எடுங்க.
எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.
(உள்ளதைச் சொன்னால் பதினொரு வருடம்
நானே தொண்டையில் வெட்டித்தான் வாசித்தேன்.
ஒருவருக்கும் தெரியாது.)

ஒரு ஞாயிறு விடியலில்
சங்கரா வாங்க முதுநகர் துறைமுகத்துக்குப் போனேன்.
ஈரத் தார்ப்பாயைச் சுற்றிக் கூட்டம்.
உள்ளேயிருந்து குரல்:
முன்னூறு முன்னூறு முன்னூத்திபத்து
முன்னூத்திபத்து முன்னூத்தியிருவது முன்னூத்திமுப்பது
மூச்சு நிற்கவேயில்லை.
'ன்ன' வரும்போதெல்லாம் நாக்கு
அந்த இடத்தையே தொட்டது, எடுத்தது,
ஈ உட்கார்ந்து எழும் கனத்தில்.
காரப்பொடிக் கூடை யாருக்குப் போனதென்று
கவனிக்கவில்லை.
சங்கராவும் வாங்கவில்லை.

செவ்வாயன்று கரும்பலகையை அழித்தேன்.
"அக்கா, ஏலம் விடுங்க.
வாயில கிளாரினெட்டோட."
தயாநிதி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை,
தொழில் விஷயம்.
கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு ஸ்வரம்.
முதல் இரண்டு கீச்சிட்டன.
பிறகு ஒன்றோடொன்று ஒட்டாமல்
ஒன்றையொன்று விட்டும் போகாமல்
வந்தன, வந்துகொண்டேயிருந்தன.
கீழே ஜெராக்ஸ் இயந்திரம் யாருடைய பட்டாவையோ
நகலெடுத்துக்கொண்டிருந்தது.
அவள் பார்வை மட்டும் எங்கள் முகங்களில்
ஒவ்வொன்றாக நின்று நின்று போனது.

சட்டென்று வாயிலிருந்து எடுத்தாள்,
புறங்கையால் எச்சிலைத் துடைத்தாள்.
"முன்னூத்தி அறுவதுல நிக்குது.
மேல கேக்க ஆளிருக்கா?"

பெனடிக்ட் கையைத் தூக்கினான்.