நாலு பாகை

புந்தா அரேனாஸ் துறைக்கு வெளியே
படகை மெல்லச் சுற்றச் சொல்கிறேன்.
வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று
எட்டுத் திசைக்கும் அது முகம் காட்ட
ஒவ்வொன்றிலும் ஊசி எவ்வளவு பிசகுகிறது என்று
பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.
இந்தக் காற்றில் பேனா உறைந்துவிடும்.

ஊசியைத் திட்டாதீர்கள் என்பேன் மாலுமிகளிடம்.
அது காதில் விழுவதைச் சொல்கிறது.
பூமி தூரத்திலிருந்து முணுமுணுக்கிறது,
பக்கத்திலேயே இஞ்சின் கத்துகிறது.

காந்தத்தின் கோடுகளுக்குக் காற்றில் நடக்கச் சோம்பல்.
அருகே இரும்பைக் கண்டால்
வளைந்து அதற்குள் புகுந்துகொள்ளும்,
மழைநாளில் கடைக் கூரைகளின் அடியாகவே
தெருவைக் கடக்கிறவர்களைப் போல.
அவை உள்ளே இருக்கும்வரை அந்த இரும்பும் காந்தம்.
போனதும் மறந்துவிடும்.
மறக்காத இரும்பும் உண்டு:
கட்டும்போது எந்தத் திசை பார்த்துச்
சுத்தியலடி வாங்கியதோ
அதை உடம்பில் வைத்திருக்கும்.
சான் தெல்மோ வால்திவியாவில் பிறந்தது.
தலை மேற்கே.

ஆகவே ஊசிக்கு இடமும் வலமும்
இரண்டு இரும்புக் குண்டுகள், சிவப்பு ஒன்று பச்சை ஒன்று.
கீழே இழுப்பறையில் விரல்நீளக் காந்தங்கள்.
முள்ளை முள்ளால் எடுக்கிற பிழைப்பு.
மார்ச்சில் நேராக்கிக் கையெழுத்திட்டேன்.

மே மாதம் பால்தொமேரோ ஒயார்சோ கூப்பிட்டார்.
"தோன்யா எதெல்மிரா, நாலு பாகை."
ஜிபிஎஸ் இருக்கிறதே என்றேன்.
"அது செவ்வாய்க்கிழமை செத்தது.
மூடுபனியில் ஒரு பாறையிடம்
நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினோம்."

நண்டுக் கூண்டுகளைச் சந்தேகித்தேன்.
இருநூறு இரும்புச் சட்டம் தளத்தில் அடுக்கினால் ஒரு கணக்கு,
கடலில் இறக்கினால் வேறு கணக்கு.
இல்லை, அவை பின்தளத்தில், எட்டாத் தூரம்.
நிபால்தோவின் கத்தியை அகற்றினேன்.
வானொலியின் ஒலிபெருக்கியை, தகரக் கெட்டிலை.
பால்தொமேரோவின் இடுப்பில் ஒரு தகடு உண்டு, டைட்டானியம்;
அருகில் வந்து நின்றார்,
ஊசி கண்டுகொள்ளவேயில்லை.
"வீட்டிலும் இப்படித்தான்" என்றார்.

பச்சைக் குண்டின் பின்புறம் விரல் எதிலோ தட்டியது.
நீலப் போர்வை மாதா, கட்டைவிரல் உயரம்,
முதுகில் ஒரு கறுப்புக் காந்தம்.
ஃப்ரிட்ஜ் கதவில் மின்கட்டண ரசீதைப் பிடித்திருந்தவள்.
ஏப்ரலில் ஒர்ஃபெலினா மதிய உணவு கொண்டுவந்தாளாம்,
சும்மா உள்ளே எட்டிப் பார்த்தாளாம்.

திருத்த வைத்த குண்டே
மாதாவைத் தொட்டுத் தானும் காந்தமாகி
ஊசியைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.
திரும்பி வரட்டும் என்று ஒட்டியதுதான்
பாறைக்குக் கூட்டிப்போனது.

அவளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.
தூரம் இரண்டு மடங்கானால்
அந்த இழுப்பு எட்டில் ஒன்றாகிவிடும்;
காந்தத்தோடு வாழ அவ்வளவு போதும்.
சமையலறை அடுப்பின் இரும்புக் கதவில் ஒட்டினேன்.
கதவு அவளுடைய கோடுகளை வாங்கி
உள்ளுக்குள்ளேயே சுருட்டிக்கொண்டது.
பற்று இன்னும் உறுதி, வெளியே அலைச்சல் இல்லை.

மறுபடி ஒரு சுற்று.
நாலு பாகை அரைப் பாகையானது.
அந்த அரை மட்டும் எத்தனை திருகியும் அசையவில்லை.
சரி, கூண்டுகளாக இருக்கும் என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'அருகில் அந்நியப் பொருள்'.
"அவளிடம் சொல்லாதீர்கள்" என்றார் பால்தொமேரோ,
அடுப்புப் பக்கம் பார்த்தபடி.

துறையில் இறங்கி வண்டிக் கதவருகே வந்து
கோட்டுப் பைக்குள் கைவிட்டேன்.
வீட்டுச் சாவி, பட்டறைச் சாவி, வண்டிச் சாவி,
ஒரு பழைய திருப்புளி,
எல்லாம் ஒரே எஃகு வளையத்தில்.
காலையிலிருந்து ஊசியோடு ஊசியாக
நான் சாய்ந்து நின்றது அந்தப் பக்கம்தான்.

நிபால்தோ கயிற்றைக் கட்டி முடித்திருந்தான்.
அவிழ்க்கச் சொன்னேன்.