செருப்பளவு

நூற்றைம்பத்தைந்தை ரிம்மோடு கழற்றிவிட்டு
நூற்றுத் தொண்ணூற்றைந்து மாட்டினான் ஞானதுரை.
பின்னாலிருந்து பார், காளை நிற்கிற மாதிரி, என்றான்.

நிற்கிறது.
பழசு வளைவில் நெளியும்.
அழகர்கோவில் சாலையில் நானும் கூட நெளிந்து
அவன் தோளில் இடித்துக்கொள்வேன்.
அந்தச் சாக்கு போயிற்று.
மேலூர் லாரிகள் பதித்த தடத்தில்
சக்கரம் தன்னிஷ்டத்துக்கு இழுக்கிறது.
லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் நட்டம்,
கணக்கு எழுதுவது நான்.

ஐப்பசியில், நாகமலை தாண்டி, தேங்கிய நீரில்
என் கையில் ஸ்டீயரிங் திடீரென்று லேசானது.
எழுபதில் போன வண்டி
மூன்று நொடி யாருடையதும் இல்லை.
பிறகு சாலை வந்து கவ்வியது.
செக்கானூரணி வரை அவன் பாட்டு போடவில்லை.

ராத்திரி வீட்டு வாசலில் மறுபடி மழை.
காலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினால்
டயர் நின்ற இடம் மட்டும் காய்ந்து கிடக்கிறது,
குறுக்கே போட்ட என் செருப்பளவு.
அகலம் கூடியதை நீளத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது.
நாலு சக்கரத்துக்கு நாலு செருப்பு.
இரண்டு பேர் நிற்கிற இடம்,
அதை நம்பித்தான் எழுபது.

காளவாசல் காசிம் கடையில்
நூற்றெழுபத்தைந்து, மழைக்கு ஆழமான வெட்டு.
ஞானதுரை பின்னால் போய்ப் பார்க்கவேயில்லை.

பொய்கைக்கரைப்பட்டி வளைவில் நான் சோதித்தேன்.
பாதித் தோள்.