மாலை எண்கள்

அந்த ஏப்ரலில்
மாலைதோறும் எண் வரும். ஒன்றல்ல, இரண்டு.
சமூகத்தில் இத்தனை.
விடுதிகளில் இத்தனை.
முதலாவது சிறியது. அதைப் பார்த்துத்தான்
யீஷூனில் எங்கள் புளோக் மூச்சு விட்டது.

எதிர்வீட்டு மேடம் தியோ
மின்தூக்கியில் தனியாகப் போனாலும்
கவசத்தை இறக்கமாட்டார்.
வெள்ளைச் சட்டைக்காரர்கள் கொடுத்த கவசம்.
அவர் அதைத் துவைத்துக் காயப்போடுவதே
ஓட்டுப் போடுவதுபோல் இருக்கும்.

நான் வேறு மாதிரி.
தடமறியும் செயலியை இறக்கமாட்டேன் என்று
மூன்று வாட்சப் குழுக்களில் சண்டை போட்டவன்.
விடுதிக்குச் சாப்பாடு கட்ட ஆள் வேண்டும் என்று
கமலக்கண்ணன் கேட்டபோது
செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.
அவன் நீலச் சட்டை.
நானூறு பொட்டலம். சாம்பார் தனி, ஊறுகாய் தனி,
கையுறைக்குள் விரல்கள் வெந்து சுருங்கின.
மற்றவர்கள் கூப்பிட்டிருந்தால்
இடுப்பு வலி என்றிருப்பேன்.
இப்போது சொல்லலாம்.

"பன்னிரண்டு பேர் ஒரே அறையிலாமே?"
என்றார் தியோ, கதவுக் கம்பிக்குப் பின்னாலிருந்து.
"பாவம். ஆனால் அவர்களுக்குப் பழக்கம்தானே."
பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினேன்.
நல்லவனாக இருப்பது
அன்றைக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது.

மாயழகுவின் எண்ணை
பொட்டலக் கணக்குக்காக வாங்கியிருந்தேன்.
ஆலங்குடிப் பக்கம். கிரேன் வேலை.
அவன் அறையில் இருவரை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள்.
மே மாதம் ஒரு ராத்திரி கேட்டான்:
"நாம எப்பண்ணே வெளிய போவோம்?"
"நாங்க ஜூன்ல போயிருவோம்," என்றேன்.

அவன் பக்கத்தில் மின்விசிறிச் சத்தம்.
யாரோ இருமினார்கள்.
"சரிண்ணே," என்றான்.

ஜூன் வந்தது. போனோம்.
ஒரு மீட்டர் தள்ளி நின்று
பபிள் டீக்கு வரிசை பிடித்தோம்.

தேர்தல் அறிவித்த வாரம்
என் கதவுக் கம்பியில் ஒரு பை தொங்கியது.
பிரிக்காத கவசங்கள்.
மகனுடையது, மருமகளுடையது, தெரிந்தவர்கள் வேண்டாமென்றது,
எங்கெங்கோ கேட்டுச் சேர்த்திருக்கிறார்.
எண்ணினேன். பன்னிரண்டு.
குறிப்பு எதுவும் இல்லை.
எதிர்க்கதவு சாத்தியிருந்தது,
உள்ளே சீன நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வோர் உறையிலும்
குடியிருப்பாளர் குழுவின் முத்திரை,
பல் தெரியச் சிரிக்கும் ஒரு படம்.

இரவு உட்கார்ந்து
பன்னிரண்டு உறைகளையும் கிழித்தேன்.
கவசங்களை மட்டும் வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டு
கமலக்கண்ணனின் வேனில் அனுப்பினேன்.

மாயழகு அழைத்தான்.
"துணி நல்லாருக்குண்ணே. யாரு குடுத்தது?"

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

"நாங்கதான்," என்றேன்.