மூன்று மணி

"தொப்புள்தான் பன்னிரண்டு" என்கிறாள் டார்லீன்.
அங்கிருந்து வலப்பக்கமாகச் சுற்றி வரவேண்டும்.
வலது இடுப்பெலும்பு மூன்று,
முதுகுத்தண்டு ஆறு,
இடது இடுப்பு ஒன்பது.
எத்தனை மணியில் வைக்கப்போகிறாய்
என்பதுதான் முதல் கேள்வியாம்.
எந்தத் துப்பாக்கி என்பது அப்புறம்.

லப்பக் நகரில், டயர்க் கடைக்கும்
நாய்களுக்கு முடிவெட்டும் கடைக்கும் நடுவே,
கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம்
கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்,
முள் இல்லாத கடிகாரமாக.

ஒன்பதில் என் மகன் உட்காருவான்.
மூன்று வயது, நல்ல கனம், இறக்கிவிட்டால் அழுகை.
பத்தரையில் இன்சுலின் பம்ப்.
அதன் குழாய் பதினொன்றில் தோலுக்குள் போகிறது.
பன்னிரண்டுக்குக் கீழே அவன் வந்த வழி,
தைத்த கோடு; குனிந்தால் இன்னும் சுள்ளென்கும்.
ஆகவே ஒரு மணி வேண்டாம்.
நாலில் காரின் சீட் பெல்ட் கொக்கி.
ஐந்தில் நாற்காலியின் முதுகு.
மிச்சம் மூன்று.

இரண்டு மணியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.
உடம்பின் இரண்டு அல்ல, இரவின் இரண்டு.
மருந்துக் கடையில் ஷிஃப்ட் முடித்து வெளியே வந்தேன்.
கோட்டில் பெயர்ப்பட்டை, கழற்ற மறந்திருந்தேன்.
மங்கை என்பதை மங்கி மங்கி என்று படித்தபடி
ஒருவன் கார் வரை வந்தான்.
தொடவில்லை.
உள்ளே ஏறிப் பூட்டியதும் கண்ணாடியில் தட்டினான்,
விரல் நுனியால், மூன்று தட்டு.
அவ்வளவுதானா என்று கேட்டு
அவ்வளவுதான் என்று எழுதிக்கொண்டார் போலீஸ்காரர்.

முதலில் தந்தது பெரிது.
என் சுட்டுவிரல் விசைக்கு எட்டி, எட்டியதோடு சரி.
அடுத்தது பதினோரு அவுன்ஸ், மடித்த கைக்குட்டை மாதிரி.
அதையே கேட்டேன்.
"சின்னதுதான் ரொம்ப உதைக்கும், தங்கமே"
என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.
எடை பார்த்து டோஸ் போடுவது என் பிழைப்பு.
நாற்பத்தொன்பது கிலோவுக்கு எத்தனை மில்லி,
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
ஆனால் அது விழுங்குகிறவரின் எடை.
இங்கே கொடுக்கிறவளின் எடையை மட்டும் கேட்கிறார்கள்.

மூன்றாவது பொருந்தியது.
செருப்பு பொருந்துவதுபோல, யோசிக்கவே விடாமல்.

"பெல்ட்?" என்றாள்.
டாப்ஸைத் தூக்கி நாடாவைக் காட்டினேன்.
சுண்டி இழுத்துப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன்.
வயிற்றில் சுற்றும் துணிப்பட்டை ஒன்று எடுத்து வந்து
குண்டில்லாததை அதில் செருகினாள்.
சில்லென்றிருந்தது. பிறகு என் சூடு அதற்கு ஏறியது.

குனி. உட்கார். மேல் தட்டில் எதையாவது எடு.
செய்தேன்.
அப்புறம் கை விரித்து வந்து கட்டிக்கொண்டாள்.
இதுவும் சோதனைதான்,
கட்டிக்கொள்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம்.
இந்த ஊருக்கு வந்து பதினோரு மாதம்.
வளர்ந்த மனிதர் ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டது
இதுதான் முதல் தடவை.
அவள் சட்டையில் மசகெண்ணெயும் சலவைத்தூளும்.
"தெரியவே இல்லை" என்றாள் என் தோளுக்குள்.
நான் சற்றுத் தாமதமாகத்தான் விட்டேன்.

பம்ப் கத்தியது.
வேறெதுவோ என்று அவள் இரண்டடி பின்னால் போனாள்.
அறுபத்து நாலு. சர்க்கரை இறங்குகிறது.
கல்லாவுக்குப் பக்கத்துக் கிண்ணத்திலிருந்து
பட்டர்ஸ்காட்ச் மூன்று, அவளே பிரித்துத் தந்தாள்,
என்னால் தாளைப் பிரிக்க முடியவில்லை.
கால் மணி நேரம் ஆகும் என்றேன்.
ஸ்டூல் போட்டாள்.

சர்க்கரை இறங்கினாலும் நடுங்கும்,
கண்ணாடியில் தட்டினாலும் நடுங்கும்.
கைக்கு இரண்டும் ஒன்றுதான்.
விரலுக்காவது வித்தியாசம் தெரியுமா
என்று கேட்க வாயெடுத்தேன்,
வாயில் மிட்டாய்.

டார்லீன் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
பேனா மூடியைத் திறந்தாள்.
என் கையைப் பார்த்தாள்.
மூடினாள்.