தகரச் சுவரில் ஒரு செடிப்பெட்டி

துறைமுகத்தில் கிவிப் பழம் சுமந்து ஓய்ந்த
சரக்குத் தட்டு ஒன்றை
நூற்றுப் பதினேழு படிகள் தோளில் தூக்கி வந்தேன்.
வால்பரைசோவில் இனாமாகக் கிடைப்பதற்கும்
படிக்கணக்கில் விலை உண்டு.

ஆணிகள் வர மறுத்தன.
சுத்தியலின் பிளந்த வாலை நுழைத்து நெம்ப நெம்ப
ஒவ்வொன்றும் முனகிக்கொண்டு வெளியே வந்தது.
மூன்று பலகை தேறியது.
நான்காவது பிளந்துவிட்டது,
அது அடுப்புக்கு.

அறுபது சென்டிமீட்டர் நீளம், ஒரு சாண் அகலம்.
ரம்பம் கோட்டைவிட்டு விலகியது, கொஞ்சம்தான்,
உப்புத்தாள் மன்னிக்கிற அளவுக்கு.
அடியில் ஐந்து துளைகள்.
நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று
பேக்கரியில் என்னோடு மாவு பிசையும் சுனில்டா சொன்னாள்.
அவள் வீட்டில் ஒரு செடி கிடையாது,
ஆனாலும் சொன்னாள்.

ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு.
காய்வதற்குள் பூனை நடந்துபோயிற்று.
நான்கு தடங்கள்.
இருக்கட்டும்.

பிறகுதான் சுவர்.

என் முற்றத்தில் வெயில் விழும் ஒரே சுவர்
என்னுடையதல்ல.
மஞ்சள் பூசிய அந்த நெளிதகரத்துக்குப் பின்னால்
தோன் ஒசியேலின் படுக்கையறை.
தண்ணீர்க் கட்டணத்தில் முறிந்த பேச்சு
இரண்டு குளிர்காலமாக முறிந்தபடி கிடக்கிறது.
கேட்டால் இல்லையென்பார்.
அதனால் கேட்கவில்லை.
அவர் கடைக்குப் போகும் நேரம் பார்த்து
ஏணியைச் சாய்த்தேன்.

தகரம் பாரம் தாங்காது. ஈரமண் கனக்கும்.
உள்ளே நிற்கும் மரச்சட்டம் அகப்பட்டால்தான்
கொக்கி நிலைக்கும்.
காதை ஒட்டவைத்துத் தட்டினேன்.
டொங். வெறும் கூடு.
ஓர் அடி தள்ளி, டொங்.
இன்னும் தள்ளி,

தக்.

அது நான் தட்டியதல்ல.

கையை இழுத்துக்கொண்டேன்.
இரண்டு நெளிவு வலப்பக்கம், உள்ளேயிருந்து
மறுபடி: தக். தக்.
அவசரமில்லாத விரல்முட்டி.
சுவருக்கும் காது உண்டென்பார்கள்,
பதில் சொல்லும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

அங்கேயே தட்டிப் பார்த்தேன். கெட்டி மரம்.
பென்சிலால் குறித்தேன்.
உள்ளே நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது.
அடுத்த இடம்: தக்.
குறித்தேன்.
தகரத்திடம் எப்படி நன்றி சொல்வது?
ஒரு தட்டு தட்டிவிட்டு
துளைபோடத் தொடங்கினேன்.

கொக்கி திருகி, கயிறு கட்டித் தொங்கவிட்டதும்
ரசமட்டத்தின் குமிழ் நட்டநடுவில் வந்து நின்றது.
ஏணியிலிருந்து இறங்கிப் பார்த்தால்
பெட்டி கோணல்.
அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு
இந்தக் குன்றில் ஒரு ஜன்னலும் நேராக இல்லை,
நேராக வந்தவன்தான் இங்கே குடித்தவன் மாதிரி தெரிகிறான்.
குமிழை நம்புவதா, தெருவை நம்புவதா?
இடக்கயிற்றை ஒரு விரற்கடை இறக்கினேன்.
இப்போது சரி.
குமிழ் கோபித்துக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டது.
இனி ஐந்து துளையில் ஒன்றுதான் சொட்டும்,
பூனை படுக்கும் இடத்துக்கு நேர் மேலே.

மண், உலர்ந்த காப்பிச் சக்கை,
ஒரேகானோ, வோக்கோசு,
யார் வேலியிலிருந்தோ கிள்ளிய ஜெரேனியம் இரண்டு துண்டு.

பத்தொன்பது நாள் கழித்து
ரொட்டிப் பையோடு படியேறி வந்தார்.
நிற்கவில்லை.
"திருகாணி நீளம் அதிகம்" என்றார் படிகளைப் பார்த்து.
"என் பக்கம் அரை விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது."

தொண்டை உலர்ந்தது.
அறுத்துவிடட்டுமா என்றேன்.

ஆறு படி மேலே போயிருந்தார்.
"வேண்டாம். தொப்பி மாட்டியிருக்கிறேன்."

தண்ணீர்க் கட்டண விவகாரம் அப்படியேதான் இருக்கிறது.
இன்று காலை வோக்கோசுக்கு
இரண்டு குவளை ஊற்றினேன்.